மாப்பிள்ளையின் வலது தோள்

ஆஸ்பத்திரியில் மனிதர்களின் முழங்காலையும் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு ஒரே குறைதான்: வருகிறவர்கள் ஓயாமல் பேசினார்கள். "அங்க இல்லம்மா, இங்க. இங்க இல்ல, அதுக்குப் பக்கத்துல." பதினோரு வருஷம் கேட்டுச் சலித்து, பிராணிகளுக்கான பிசியோதெரபியைத் தனியாகப் படித்து, நாய்க்கும் குதிரைக்கும் மாறினாள். இப்போது யாரும் பேசுவதில்லை. எங்கே வலிக்கிறதென்று ஒன்றாவது வாய் திறந்து சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருக்கிறது.

வேலையின் பெயரிலும் குழப்பம்தான். மாமியார் விருந்தாளிகளிடம் "டாக்டர்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் "மசாஜ்" என்பார். வேதியியல் வாத்தியாரான கணவன் கழுத்தைப் பிடித்துவிடச் சொல்லிவிட்டு, அவள் விரல் பட்டதும், "மெதுவாடி, நான் என்ன குதிரையா?" என்று அலறுவான்.

"குதிரைன்னா இந்நேரம் பேசாம நின்னிருக்கும்."

நாய்கள் பரவாயில்லை. இடுப்பு தளர்ந்த ஒரு கிழட்டு நாய் வாரம் இருமுறை வருகிறது. தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள் ஓடும் பட்டையில் அதை நடக்க விடுவாள்; பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்குச் சுகம். வலித்தால் திரும்பி முறைக்கும், ரொம்ப வலித்தால் கையைக் கவ்வும். ஒளிவுமறைவில்லாத ஆசாமி. வில்லங்கமெல்லாம் மாப்பிள்ளையிடம்தான்.

மாப்பிள்ளை ஒரு குதிரையேற்றப் பள்ளியின் பழுப்புக் குதிரை. வேளாவேளைக்கு உபசாரம் எதிர்பார்ப்பதால் வந்த பெயர். அதன் வலது முன்னங்கால் நடை குறுகிவிட்டது. ஓடவிட்டால் அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே எகிறியது. கால்நடை டாக்டர் படமெடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறில்லை, தோளுக்குப் பின்னால் சதை வற்றிக் கிடக்கிறது என்றார்.

"ஆறு வாரம் நீ பாரும்மா. அப்பவும் நொண்டினா அனுப்பிட வேண்டியதுதான்."

எங்கே அனுப்புவது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒன்பது வருஷமாக அதைத் தேய்த்துக் குளிப்பாட்டும் லாயக்காரர் மட்டும் கையிலிருந்த வாளியை ணங்கென்று தரையில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமைதோறும் அவள் போனாள். தோளுக்குச் சூடு கொடுத்தாள், அழுத்திப் பிசைந்தாள், கேரட்டைக் காட்டி அதன் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைக்க வைத்தாள், தரையில் கிடத்திய கம்புகளைத் தாண்டித் தாண்டி நடக்க விட்டாள். மற்ற நாட்களில் சவாரி சொல்லிக்கொடுக்கிறவர் சேணம் பூட்டி அரை மணி நேரம் மெல்ல ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடு. வாராவாரம் நாடாவால் அளந்து நோட்டில் குறித்தாள். சதை ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாவது வாரம் வரை எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

நான்காவது வாரம் லாயக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"அம்மா, மறுபடி நொண்டுறான்."

அவள் வெறும் முதுகோடு நடத்திப் பார்த்தாள். ராஜநடை.

"எங்கண்ணே நொண்டுது?"

"நீங்க வந்தா நொண்ட மாட்டான். போனதும் நொண்டுவான்."

சவாரி சொல்லிக்கொடுக்கிறவர் மைதானத்திலிருந்தே குரல் கொடுத்தார். "மாமியார் வீட்டுல மாப்பிள்ளை சும்மாவா இருப்பார்? நடிக்குதுங்க!"

"குதிரைக்கு நடிக்கத் தெரியாது சார்."

சொல்லிவிட்டாளே தவிர, தெரியாது என்று யார் கண்டது? ஐந்தாவது வாரம் சதை இன்னும் கூடியது. நொண்டலும் கூடியதாகச் சொன்னார்கள். சாயங்காலம் அடுப்படியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கணவனிடம் கேட்டாள்:

"குணம் ஆக ஆக வலி கூடுமா?"

"என் பசங்க படிக்கப் படிக்க மார்க் குறையுதே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாவது வாரம் டாக்டர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதுக்கே போய், லாயக்காரர் சேணம் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் நாளுக்குப் பிறகு இதை அவள் பார்க்கவே இல்லை. அவளுக்கு எப்போதும் வெறும் முதுகோடுதான் வேலை. சேணத்து மெத்தைக்கடியில், வலது பக்கம், நாலாக மடித்த துண்டு ஒன்றை லாயக்காரர் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார்.

"என்னண்ணே அது?"

"நீங்க வச்சதுதாம்மா. மொத நாளு."

வைத்திருந்தாள். வற்றிய பக்கமாகச் சேணம் சாய்கிறதா என்று பார்க்க, அந்த ஒரு நாள், தோளுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில். குதிரை நன்றாக நடந்தது. துண்டை எடுத்துவிடுங்கள் என்று சொன்னாளா? நினைவில்லை. அவள் நோட்டிலும் இல்லை. பள்ளம் இருந்தவரை துண்டு தாங்கியது. பள்ளம் நிரம்பிய பிறகு அதே துண்டு புதுச் சதையை நெரித்தது. அவள் ஏற்றிய சதையை அவளுடைய துண்டே அமுக்கியிருக்கிறது.

டாக்டர் வந்தார். சேணத்தோடு, ஆனால் துண்டில்லாமல், ஓடவிட்டார்கள். முதல் சுற்றில் தலை எகிறியது. இரண்டாவதில் எகிறியதா இல்லையா என்று மூன்று பேருக்கு மூன்று அபிப்பிராயம். நான்காவதில் இல்லை.

"என்னம்மா இது? சரியா, சரியில்லையா?"

"துண்டு வச்சது நான் சார். எடுக்கச் சொல்லலை. அதுல எவ்வளவு நொண்டல், கால்ல எவ்வளவு, எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை."

டாக்டர் தாடையைச் சொறிந்தார். "தெரியலைன்னா அனுப்பவும் முடியாதே. இன்னும் ஒரு மாசம் இங்கயே இருக்கட்டும்."

லாயக்காரர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"இத்தனை நாள் நான்தான் வலிக்க வச்சேனா?"

"மொதல்ல அந்தத் துண்டாலதான் நல்லா நடந்துச்சுண்ணே."

"அப்ப நல்லது பண்ணேனா, கெட்டது பண்ணேனா?"

அவள் வாயைத் திறந்தாள். மூன்றாவது வாரம் வரை ஒரு பதில், அதற்குப் பிறகு இன்னொன்று. அது அவருக்கு மட்டுமான கணக்கும் இல்லை. மாப்பிள்ளை இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி அவள் பைக்குள் கேரட் தேடியது.

"தெரியலைண்ணே," என்றாள். "நடத்துங்க, பாப்போம்."