மிளகளவு முகம்

ஒரு முகத்தை எவ்வளவு தூரம் திருத்தலாம்? எந்த இடத்தைத் தாண்டினால் அது வேறொருவரின் முகமாகிவிடும்? டச்சப் இந்தக் கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அவள் கை அதன் மேல்தான் நடமாடிக்கொண்டிருந்தது.

டச்சப் என்பது அவள் பெயரல்ல. ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து படங்களைத் திருத்துகிறவள் என்பதால் தெருவே அப்படிக் கூப்பிட்டது. பஸ் ஓட்டும் அவள் கணவருக்கும் ‘டச்சப் வீட்டுக்காரர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவள் பருவை எடுப்பாள். மூடிய கண்ணுக்கு அதே ஆளின் இன்னொரு படத்திலிருந்து திறந்த கண்ணைக் கொண்டுவந்து வைப்பாள். முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பியை ஒரே சோபாவில் உட்கார்த்திவைப்பாள். இதிலெல்லாம் மனசு உறுத்தியதாகத் தெரியவில்லை.

அவளுடைய கம்ப்யூட்டருக்கு வயது பதினாறு. உள்ளே கடிகாரத்துக்கான பேட்டரி செத்துப்போய்விட்டதால் தினமும் காலையில் அது தான் பிறந்த வருஷத்தின் ஜனவரி முதல் தேதியில்தான் கண்விழிக்கும். தேதியை மாற்றிவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடங்குவாள். பேட்டரியை மாற்றச் சொன்னால் முதலாளி, “திறந்தா அப்புறம் உசுரோட மூட முடியுமான்னு பயமா இருக்கும்மா” என்பார்.

ஒரு திங்கட்கிழமை லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கவருக்குள்ளிருந்து ஒரு குரூப் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏதோ ஒரு தொழிற்சாலை வாசலில் எழுபது எண்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள்.

“மூணாவது வரிசை, இடதுபக்கத்துலேர்ந்து நாலாவது. அதான் எங்கம்மா” என்றார். “எனக்கு ரெண்டு வயசிருக்கும்போது போய்ட்டாங்க. இருக்கிற படம் இது ஒண்ணுதான்.”

முகம் மிளகளவுதான் இருந்தது.

“இப்ப எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. பாக்குறவங்க எல்லாம் அப்படியே உங்கம்மா மூக்குங்கறாங்க. நான் தலைய ஆட்டுறேன். எனக்கு எங்க தெரியும்? முகத்த மட்டும் பெருசாக்கிக் குடுங்கக்கா. ஏதோ புதுசா வந்திருக்காமே, மங்கலா இருந்தாக்கூட தெளிவாக்கிடுதாமே.”

“வெள்ளிக்கிழமை வாங்க” என்றாள் டச்சப்.

அவர் கேட்டது ஒரு ப்ளக்-இன். படம் திருத்தும் மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மங்கிய முகங்களைத் துலக்குகிற சின்ன நிரல். வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கொழுந்தனிடம் சொன்னதும் அன்றே அனுப்பிவைத்தான். திறக்கவே இல்லை.

“அண்ணி, அது அறுபத்திநாலு பிட் கம்ப்யூட்டருக்கானது. உங்களது முப்பத்திரண்டு. அதையெல்லாம் இப்ப மியூசியத்துல கேக்குறாங்க.”

“குடுத்துடறேன். என்னையும் சேர்த்து எடுத்துக்குவாங்களான்னு கேளு.”

செவ்வாய்க்கிழமை அதன் பழைய பதிப்பைத் தேடி அனுப்பினான். அது ஏறியது. ஆனால் மெனுவில் அதன் பெயரைக் காணோம். அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான், அந்த இயந்திரத்தில் மென்பொருள் இரண்டு தடவை நிறுவப்பட்டிருப்பதும், தான் ஒருநாளும் திறக்காத பிரதிக்குள் ப்ளக்-இன் போய் உட்கார்ந்திருப்பதும் அவளுக்குப் பிடிபட்டது. கோப்பை எடுத்துச் சரியான ஃபோல்டரில் போட்டாள். புதன்கிழமை காலை பெயர் மெனுவில் வந்துவிட்டது. தொட்டால், ‘அனுமதிக் காலம் இன்னும் தொடங்கவில்லை’ என்றது. கொழுந்தனுக்கே விளங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவளுக்கு உறைத்தது: பரபரப்பில் அன்று தேதியை மாற்ற மறந்திருந்தாள். கம்ப்யூட்டர் பதினாறு வருஷம் பின்னால் நின்றுகொண்டு, இன்னும் பிறக்காத ஒன்றை எப்படி ஓட்டுவது என்று கேட்டிருக்கிறது. அதன் பக்கம் நியாயம் இருந்தது.

தேதியை மாற்றினாள். ப்ளக்-இன் வேலை செய்தது. ஒரு முகத்துக்குப் பதினொரு நிமிஷம். ஃபேன் சத்தம் கேட்டு முதலாளி எட்டிப் பார்த்தார். திரையில் அந்த அம்மா மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகத் துலங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி, புருவம், நேரே பார்க்கும் கண்கள், கூரான மூக்கு.

“அடேயப்பா. உயிரே வந்துருச்சேம்மா” என்றார் முதலாளி.

டச்சப் மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தாள். அந்த மூக்கு இருக்கும் இடத்தில் மூன்று சாம்பல் கட்டங்கள் இருந்தன. அவ்வளவுதான்.

மறுநாள் தன் தங்கையின் படத்தை எடுத்தாள். தங்கைக்கு இடதுகண் இமை சற்றே தாழ்ந்திருக்கும். அவளுடைய கல்யாணப் படத்தில் அந்த இமையைத் தூக்கிவிட்டதே டச்சப்தான். இப்போது திருத்தாத படத்தை எடுத்து மிளகளவுக்குச் சுருக்கினாள். ப்ளக்-இன்னிடம் கொடுத்தாள். பதினொரு நிமிஷம் காத்திருந்தாள். வந்த முகத்தை ஒன்றும் எழுதாமல் தங்கையின் போனுக்கு அனுப்பினாள்.

தங்கை உடனே கூப்பிட்டாள். “நல்லா இருக்காளேக்கா. யாரு இவ?”

“தெரிஞ்சவங்க.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“ரெண்டு பசங்க இருக்காங்க” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வேலைச் சட்டையோடேயே வந்தார். கைவிரல்களில் கிரீஸ் கறை இருந்தது. கவரை வாங்குமுன் துணியை எடுத்து நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே அந்தக் குரூப் போட்டோ பெரிதாக இருந்தது. கீறல்களும் தூசியும் போயிருந்தன. அதனோடு உள்ளங்கையளவில் அம்மாவின் முகம் மட்டும் தனியாக ஒரு படம். மங்கல் மங்கலாகவே இருந்தது.

“அந்தப் புதுசு போடலையாக்கா?”

“கம்ப்யூட்டர் பழசுங்க. ஏறமாட்டேன்னுடுச்சு.”

முன்னறையில் முதலாளி எதையோ சொல்ல வாயெடுத்தார். டச்சப் திரும்பிப் பார்த்தாள். அவர் பில் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்.

மெக்கானிக்கின் முகம் வாடியது. படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி, கதவோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார்.

“தள்ளி வச்சா ஏதோ தெரியுது” என்றார். “வேற எங்கயாவது குடுத்தா ஏத்திடுவாங்களா?”

“ஏத்திடுவாங்க.”

அவர் எங்கே என்று கேட்கவில்லை. படத்தைக் கவருக்குள் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் கூப்பிட்டான். “என்ன அண்ணி, ஓடுச்சா?”

“ஏறலப்பா.”

“புதன்கிழமை மெனுவுல வந்துச்சுன்னீங்களே? வேணும்னா வேற ஒண்ணு அனுப்பட்டுமா?”

“வேணாம். குழந்தைங்க எப்படி இருக்கு?”

ப்ளக்-இன் அங்கேயேதான் இருந்தது. சனிக்கிழமை காலை அவள் தேதியை மாற்றினாள். கல்யாண ஆல்பம் ஒன்றைத் திறந்தாள். மாப்பிள்ளையின் மாமா முகம் மங்கலாக விழுந்திருந்த ஒரு படத்தைப் பதினொரு நிமிஷத்தில் துலக்கி, அவர் தெளிவாக விழுந்திருந்த வேறொரு படத்தோடு ஒத்துப்பார்த்து, பிரிண்டுக்கு அனுப்பினாள். முதலாளி கதவருகே நின்று பார்த்தார்.

“நேத்து அவருகிட்ட ஏறலைன்னு சொன்னியே?”

“அண்ணே, ஃபேன் ரொம்பச் சத்தம் போடுது. கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்க” என்றாள் டச்சப். அடுத்த படத்தைத் திறந்தாள்.