அப்பா ஓட வைத்த வெல்டிங் இன்ஜின்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியில் எங்களோடு முழந்தாளிட்ட உறவினர்கள், நண்பர்கள் கைகளில் இந்த நினைவு மலர் இருக்கிறது. அப்பாவின் உழைப்பை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அது எங்கள் வீட்டுக்குள் எப்படி நடந்தது என்பதை மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன். அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்பா முகையூர்ப் பக்கம், மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கும் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே விழுப்புரம் வந்து வெல்டிங் கற்று, திண்டிவனத்தில் வாடகைக்குப் பட்டறை போட்டார். குடிக்க மாட்டார். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டார். தொழிலில் அவரைப் போன்ற பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை.

பகலெல்லாம் மின்சாரம் நின்றுபோன அந்த ஆண்டுகளில் பட்டறை முடங்கியது. அப்போதுதான் கூட்டேரிப்பட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த வெல்டிங் இன்ஜினைப் பார்த்தார். டீசல் இன்ஜினையும் டைனமோவையும் ஒரே வண்டியில் பூட்டிய, நான் பிறப்பதற்கு முந்தைய காலத்து இயந்திரம். கரண்ட் இல்லாமலே வெல்டிங் செய்யலாம். ஆனால் பிஸ்டன் இறுகி, டைனமோவின் செம்புக்கம்பி கருகிக் கிடந்தது. அதை விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தார்.

அதன் பிறகு வீடு இன்ஜினுக்குத்தான். பிஸ்டன் அம்மாவின் சோற்றுக் குண்டானில் டீசலில் ஊறியது. டைனமோவுக்குள் சுழலும் ஆர்மேச்சருக்குப் புதுக்கம்பி சுற்றி வார்னிஷ் பூசிய அன்று மழை பிடித்துக்கொண்டது. அப்பா அதைத் தூக்கி வந்து கட்டிலில் வைத்தார். கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்த அம்மாவை எழுப்பித் தரைக்கு அனுப்பினார். அம்மா பாயை எடுத்துக்கொண்டு போனார்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. இன்ஜினுக்குள் அழுத்தம் சேராதபடி ஒருவர் லீவரைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். வேகம் எடுத்த பிறகுதான் லீவரை விட வேண்டும். முன்னமே விட்டால் கைப்பிடி திருப்பி அடிக்கும். கூலி ஆள் எதையாவது கெடுத்துவிடுவான் என்று அப்பா அம்மாவைச் சுற்றச் சொன்னார். லீவர் அப்பா கையில் இருந்தது. அவசரப்பட்டு விட்டுவிட்டார். கைப்பிடி அடித்ததில் அம்மாவின் மணிக்கட்டு ஒடிந்தது.

அப்பா முதலில் குனிந்து பார்த்தது இன்ஜினின் ஷாஃப்டை. அது வளையவில்லை என்று தெரிந்த பிறகே அம்மா பக்கம் திரும்பினார்.

"ஜல்தியா சுத்துன்னு சொன்னேன் இல்ல? தூங்கிக்கினே சுத்துனா இப்படித்தான்."

அம்மாவை ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான். மாவுக்கட்டோடு திரும்பியபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைச் சுற்ற வைத்திருந்தார். தெருவே கூடிப் பாராட்டியது. இம்மலரின் அட்டையில் அப்பா சிரிக்கும் படம் அன்று எடுத்ததுதான்.

அந்த இன்ஜினால் குடும்பம் நிமிர்ந்தது, மறுக்க முடியாது. மற்ற பட்டறைகள் மூடிக் கிடக்க, கேட் வேலையும் டிராக்டர் டிரெய்லர் வேலையும் அப்பாவைத் தேடி வந்தன. என் கல்யாணமும் அதில்தான் நடந்தது. அம்மாவின் எலும்பு கோணலாகக் கூடியது. வலிக்கிறதா என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு போய் முன்னறையில் படுத்துவிட்டார். மின்வெட்டும் தீர்ந்திருந்தது. வாடகைப் பட்டறையைக் காலி செய்ததில் இன்ஜின் எங்கள் வீட்டு வாசலுக்கே திரும்பியிருந்தது. ஒரு காலை அம்மா பழைய இரும்புக்காரரை வரவழைத்தார். முழுதாகத் தூக்க முடியாததால் இன்ஜினை வாசலிலேயே கேஸ் கட்டரால் அறுத்தார்கள். அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத. பாத்துக்கினு இருக்கட்டும்," என்றார் அம்மா.

அப்பாவின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு, வாசலை மறைக்காமல் தள்ளி நின்றுகொண்டார். கடைசித் துண்டு வண்டியில் ஏறும்வரை அப்பா கண்ணை மூடவில்லை. சில மாதங்களில் இறைவனடி சேர்ந்தார்.

படுக்கையில் இருந்த அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க வந்துபோன பக்கத்து வீட்டுக்காரருக்கும், வீடு தேடி நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், தோள் கொடுத்துச் சுமந்த திண்டிவனம் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இந்த மலருக்கு அம்மாவும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு வேளைகூட அவரப் பட்டினி போடல. அத எழுது. வேற ஒண்ணும் வேணாம்."