சிலேட்டுக் கல்லில் அழிந்த எண்கள்

2003 மே 14, புதன்கிழமை. 4.40க்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் வாங்கி வந்து ஒருவனுக்கு மட்டும் காபி கலந்தேன். 5.50க்குப் படப்பை நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. நான் லீவு. ஒரகடத்தில், உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் எனக்கு வேலை.

மனைவி மருத்துவமனையில் இருந்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு வலது பாதத்தை இழுத்துத்தான் நடந்தாள். நான் ஆசைப்பட்டுப் போட்ட வழவழப்பான டைல்ஸில் ஈரக் காலோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இப்போது வாக்கர் பிடித்து நாலடி நடக்கிறாள், சனிக்கிழமை அழைத்துப் போகலாம் என்றார்கள். சேதியைச் சொன்னபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி விழுந்தா என்னை எழுப்பாதீங்க."

அதை நான் டைரியில் எழுதவில்லை.

தண்டலம் பக்கம் ஒரு கல்லூரி வாசலில் சிலேட்டுக் கல் பதித்திருந்தார்கள். மழையில் பிள்ளைகள் அதன் மேல் ஓடியும் யாரும் வழுக்கவில்லை. மேற்பரப்பு சொரசொரவென்று பாதத்தைப் பிடிக்கும், வீட்டுக்குள் போட்டால் மே மாதத்திலும் குளிர்ந்திருக்கும். ஆனால் பாளமாகப் பிளந்தெடுக்கும் கல் என்பதால் ஒன்றின் கனம் இன்னொன்றுக்கு இராது. கனம் மாறினால் விளிம்பு தூக்கிக்கொள்ளும். நகக்கண் அளவு தூக்கினாலும் அவள் பாதம் தட்டும்.

அந்தக் கல்லையே வாங்கினேன், கட்டிலிலிருந்து குளியலறை வரை இரண்டு வரிசையாகப் பதிக்க நாற்பத்தாறு கல். மூன்று மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கனத்தையும் நான்கு மூலையிலும் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். கனத்தின்படி வரிசைப்படுத்தி முதுகில் எண் போட்டேன். சாக்பீஸால் போட்டேன்.

8.30க்கு மேஸ்திரியும் சித்தாள் பெண்ணும் வந்தார்கள். சிமென்ட் குறைகிறது என்று நான் கடைக்குப் போய்த் திரும்ப இருபது நிமிடம் ஆயிற்று. வரும்போது கற்கள் சுவரில் சாய்ந்து நின்றன, கழுவி, கன்னங்கரேலென்று. தூசி இருந்தால் கலவை பிடிக்காது என்று சித்தாள் எல்லாவற்றையும் தொட்டியில் முக்கித் தேய்த்திருந்தாள். எண்கள் எங்கே என்று கேட்டேன்.

"சிலேட்டுல எழுதினா அழிக்கத்தானே சார் செய்வாங்கோ? எனுக்கு இன்னா தெரியும்?"

மேஸ்திரி சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நான் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். கலவை விரித்தாகிவிட்டது, அது காத்திருக்காது. மூன்று மாலை வேலையை ஒரு மணி நேரத்தில் திரும்பச் செய்ய முடியாது. மருத்துவமனையில் மனைவி சொன்னதை அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன், முன்பின் பழகாத இரண்டு பேரிடம்.

சித்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கல்லை நிமிர்த்திப் பிடித்தாள். "எந்த மூலைன்னு சொல்லு சார், புட்ச்சிக்கிறேன்."

கல்லுக்கு ஒரு மூலைதான் அளக்க முடிந்தது. நான் அளவைச் சொல்லச் சொல்ல, மேஸ்திரி கலவையைக் கூட்டியும் குறைத்தும் கல்லை வைத்து மரச்சுத்தியால் தட்டினார். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. அது கல்லின் சாய்வைத்தான் சொல்லும், பக்கத்துக் கல்லைவிட விளிம்பு தூக்கியிருப்பதைச் சொல்லாது. 5.10க்கு முடிந்தது. கண்ணுக்கு எல்லாம் சமமாகத்தான் தெரிந்தது. என் கண்ணை நான் நம்பவில்லை.

"மிதிக்காத சார். எங்கனா தூக்கினு இருந்தா காலைல வெள்ளன சொல்லு, நோவாம எடுத்துடலாம். காஞ்சிடுச்சின்னா ஒடைச்சிதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கிளம்பினார்.

மறுநாள் 4.40க்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. அவள் வீட்டுக்குள் போடும் வலதுகால் ரப்பர் செருப்பை ஒட்டடைக் குச்சியின் நுனியில் கட்டினேன். ஓரத்தில் உடைக்காமல் விட்ட பழைய டைல்ஸில் நின்று, கட்டில் பக்கமிருந்து அவள் இழுக்கும் வேகத்திலேயே கல் கல்லாக இழுத்துப் போனேன். பதினேழு கல் தாண்டியது. பதினெட்டில் நின்றது. பின்னால் எடுத்து மறுபடி இழுத்தேன், அதே இடத்தில் நின்றது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, மேஸ்திரியைப் பிடிக்க அவர் ஊரான சேரப்பணஞ்சேரிக்குச் சைக்கிளை மிதித்தேன்.