இறுகாத தளம்

மலைமேல் எங்கள் ஊரான திருப்புலி நாட்டில் அண்ணன் வீட்டுக்குத் தளம் போடுகிறார் என்று லீவு போட்டு மலைக்கு வந்திருந்தேன். உடம்புதான் வந்திருந்தது. மனசு கடலோரத்தில், எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தது.

எண்ணெய்க் கிணற்றில் இரும்புக் குழாயை இறக்கியதும், குழாய்க்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் அடைப்பார்கள். அந்தக் கலவையைச் சோதிப்பது என் வேலை. இப்போது வேலை நடக்கும் கிணற்றில் பாறை பலவீனம், கனமான கலவையைத் தாங்காது. அதனால் மாவு போன்ற நுண்ணிய, உள்ளே ஒன்றுமில்லாத கண்ணாடி மணிகளைச் சேர்த்து எடையைக் குறைத்திருந்தோம். அடியில் கடும் சூடு. கலவை அங்கே போய்ச் சேருமுன் இறுகிவிடக் கூடாதென்று ரிடார்டர் என்ற மருந்தும் சேர்த்தோம். அடிச்சூட்டில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் அதே கலவைதான் மேலே வரைக்கும் நிற்கும். மேலே அந்தச் சூடு கிடையாது. சூட்டுக்கு அளந்து போட்ட மருந்து குளிர்ச்சியில் என்ன செய்யும்? அதற்கான சோதனையை வைத்துவிட்டு, முடிவு தெரியுமுன் பஸ் ஏறிவிட்டேன். மேலாளரோ, கீழே சரியாக இருந்தால் போதும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

தளம் போட்ட மறுநாள் காலை, பனி விலகவே இல்லை. அண்ணன் மேலிருந்து கத்தினார்.

"அம்மிணி, இங்க வந்து பாரு. கைய வெச்சா அப்படியே பதியுது!"

ஏறிப் போய்த் தொட்டேன். ஈரக் களிமண் மாதிரி இருந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வந்திருந்த மேஸ்திரி முகம் வெளுத்து நின்றார்.

"ஏனுங்க மேஸ்திரி, கலவையில என்ன ஊத்துனீங்க?"

"எப்பவும் ஊத்துறதுதானுங்க. வெயில்ல சீக்கிரம் இறுகிருதுன்னு இந்த மருந்தக் கேன்ல வாங்கி வெச்சிருந்தனுங்க. கீழ எத்தனையோ ஊட்டுக்கு இதே அளவுதான்."

"கொத்திப் போட்டுட்டு மறுபடி போட்டுருலாம்," என்றார் அண்ணன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தொடாதீங்கண்ணா. கெட்டுப்போகல. குளிருக்கு இந்த மருந்து அதிகம், அவ்வளவுதான். சென்ட்ரிங்கப் பிரிக்காதீங்க. தார்ப்பாய் போட்டு மூடி வைங்க, வெயில் வந்தா இறுகிரும்."

உறுதியாகத்தான் சொன்னேன். சொல்லும்போதே ஆய்வுக்கூடத்தில் வைத்துவிட்டு வந்த சோதனை ஞாபகம் வந்தது. கிணற்றுக்குள் இப்படி ஆனால் யார் போய்த் தார்ப்பாய் போடுவது?

வீட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டு மேட்டுக்கு ஓடினேன். என்னோடு வேலை செய்யும் பெண் போனை எடுத்தாள்.

"அக்கா, குளிர்ச்சியில வெச்ச கலவை இன்னும் கஞ்சியாத்தான் இருக்கு. சார் மத்தியானமே கிணத்துக்கு சிமெண்ட் லாரி கிளம்பணும்ங்கறார்."

"அவர்கிட்டக் குடு."

"கொஞ்சம் காத்திருந்தா இறுகிடாதா?" என்றார் மேலாளர்.

"எவ்வளவு நேரம் சார்? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுக்குள்ள கீழேயிருந்து வாயு கிளம்பி வந்தா?"

லைன் அறுந்தது. போனை வைத்தாரா, சிக்னல் போயிற்றா தெரியவில்லை. மறுபடி மறுபடி அழைத்தும் கிடைக்கவில்லை. வீட்டுக்கும் மேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அண்ணி நீட்டிய காப்பியை வாங்கி, குடிக்காமல் எங்கேயோ வைத்துவிட்டேன்.

மத்தியானம் பனி விலகி வெயில் அடித்தது. சாயங்காலத்துக்குள் தளத்தில் கட்டைவிரலை அழுத்தினாலும் பதியவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ரோட்டுக்குத்தான் போனேன். மேட்டில் அந்தப் பெண்ணின் குறுஞ்செய்தி வந்து கிடந்தது: சார் லாரியை நிறுத்திவிட்டார், கலவை இன்னும் கஞ்சிதான்.

தளம் போட்டதற்கான விருந்துக்கு நிற்காமல் மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினேன். மருந்தை வெறுமனே குறைத்தால் அடியில் சீக்கிரம் இறுகிவிடும். மருந்தையே மாற்ற வேண்டியிருந்தது. சூட்டில் தாங்கி, குளிர்ச்சியில் விட்டுக்கொடுக்கும் ஒன்றைத் தேடி ஒவ்வொன்றாக இரண்டு சூட்டிலும் வைத்துப் பார்த்தோம். கிடைத்ததும்தான் லாரி கிளம்பியது. கிணற்றில் மேலே வரைக்கும் நன்றாகவே இறுகியது.

அன்று அண்ணன் ரோட்டு மேட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்தேன். விருந்துக்கு நிற்காமல் வந்த கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"அடுத்த தடவ வந்தாலாவது ஒரு எடத்துல ஒக்காரு சாமி."

"சரிங்கண்ணா," என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கிணற்றுக்கான சிமெண்ட் மூட்டைகள் ஆய்வுக்கூட வாசலில் வந்து இறங்கின. போனைக் காதில் வைத்தபடியே எழுந்தேன்.