நடக்க வேண்டாம், புரண்டு படுத்தால் போதும்

எங்கள் தெருவில் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியத்து உறவுகளுக்கும் பங்கு மக்கள் எல்லோருக்கும் செலின் எழுதுவது. கோவிலில் சாட்சி சொல்லு, சாட்சி சொல்லு என்று மூன்று வாரமாக என்னை விரட்டுகிறார்கள். மைக்கைப் பிடித்தால் ஒன்று அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் யாரையாவது திட்டிவிடுவேன். பூசை நேரத்தில் இரண்டுமே நன்றாக இருக்காது. அதனால் எழுதித் தருகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன், என் கோபத்தையும் சேர்த்துத்தான். அதை மட்டும் எடுத்துவிட்டு அச்சடிக்க வேண்டாம் என்று ஃபாதரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் ஒதியம்பட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் சகாயராஜ் சென்ட்ரிங் வேலை செய்தவர். போன வருஷம் ஐப்பசி மழையில், வில்லியனூரில் ஒரு வீட்டின் மாடித் தளத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது வழுக்கிக் கீழே விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆபரேஷன் செய்து, இரண்டரை மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பொங்கலுக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே மகள், கைக்குழந்தையோடு நெய்வேலியில் இருக்கிறாள். வீட்டில் நானும் அவரும்தான்.

அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். உணர்வில்லாத இடத்தை அழுத்திக்கொண்டே கிடந்தால் தோல் செத்துப் புண்ணாகும், அந்தப் புண் எலும்பு வரைக்கும் போனால் உயிருக்கே ஆபத்து. நானும் தலையை ஆட்டினேன். புரட்டிப் போடுவது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

செய்து பார்த்தால்தான் தெரியும். அவர் எழுபது கிலோ. நான் நாற்பத்தெட்டு. இடுப்புக்கு அடியில் துண்டைக் கொடுத்து இழுக்க வேண்டும், காலைத் தூக்கிக் கால்மேல் போட வேண்டும், முட்டிக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும். பகல், இரவு கிடையாது. ஃபோனில் அலாரம் அடிக்கும், எழுந்து புரட்டுவேன், கண்ணை மூடினால் மறுபடி அடிக்கும். நான் மூச்சு வாங்கும்போது அவர், கால் கோணல், தலையணை கீழே போகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருப்பார், என்னமோ கட்டடத்தில் நின்று ஆட்களை வேலை வாங்குகிறவர் மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டேன். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் ஒன்பது வருஷம் பேக்கிங் செய்தவள் நான்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாரும் தப்பாக நினைக்கக்கூடாது, நினைத்தாலும் பரவாயில்லை. நான்கு ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அப்புறம் ஒரு கதை. எங்கேயோ ஒருத்தர் எட்டு வருஷம் படுக்கையில் கிடந்து ஒரே ஜெபத்தில் எழுந்து ஓடினாராம். எல்லோரிடமும் ஓடினவர் ஒருத்தர் இருந்தார். என் நாத்தனார் வந்து, அண்ணன் எப்படி இளைத்துவிட்டார் பார் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நானும் இளைத்துத்தான் இருந்தேன். இரு செலின், இந்த ஒரு முறை நான் புரட்டிவிடுகிறேன், நீ போய்ப் படு என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மேல் இருந்த எரிச்சலோ இதைவிடப் பெரியது. வியாழக்கிழமை தோறும் பிசியோதெரபி பெண் ஒருத்தி வருவாள். பொறுமைசாலி. அண்ணா, உங்கள் கை இரண்டும் நன்றாக இருக்கிறது, ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுத்தால் நீங்களே புரளலாம், பழகிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவாள். அவருடைய கட்டிலுக்கு ஒரு பக்கம் தெரு ஜன்னல், மறுபக்கம் சமையலறைச் சுவர். கை நீட்டினால் கம்பி. அவர் நீட்டவே இல்லை. ஒருநாள் அவளிடம் சொன்னார்:

"நடக்க முடியாதவன் பொரண்டா இன்னா, பொரளாட்டி இன்னா?"

பொரளாட்டி என் இடுப்பு ஒடியும், அதுதான் இன்னா. அன்றைக்கு அதைச் சொல்லாமல் விட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் புண் வந்தது. முதுகுத் தண்டின் அடியில், ஒரு ரூபாய் அளவுக்கு. நான் ஒரு இரவு அலாரம் கேட்காமல் தூங்கிவிட்டேன், அதனால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மருந்து வைத்துக் கட்டினார்கள். இதற்குமேல் ஆழமாகப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். பெரிய வெள்ளிக்கிழமை அன்று எல்லோரும் சிலுவைப் பாதைக்குப் போயிருந்தார்கள். நான் வீட்டில் நின்றுகொண்டு, மூட்டை முடிச்சோடு நெய்வேலிக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். வெறும் யோசனை இல்லை. ஒரு பையில் இரண்டு புடவை எடுத்துவைத்தேன். அப்புறம் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். முழந்தாளிடவில்லை, ஜெபமாலை எடுக்கவில்லை. அம்மா, இவர் தானாகப் புரண்டு படுக்கட்டும், இல்லாவிட்டால் நான் கிளம்பிவிடுவேன், என்னால் முடியவில்லை என்று சொன்னேன். ஜெபம் என்று அதைச் சொல்ல எனக்கே வெட்கம். கிட்டத்தட்ட மிரட்டல். பிறகு அலாரம் அடித்தது, பையை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் புரட்டினேன்.

ஈஸ்டருக்குப் பிறகு புண் மெல்ல ஆற ஆரம்பித்தது. களிம்பு வேலை செய்கிறது என்று நினைத்தேன். முட்டிக்கு நடுவில் நான் வைத்த தலையணை சில நாள் தலைகீழாக இருக்கும். விரிப்பு கசங்கிக் கிடக்கும். பூனை வருகிறது என்று முடிவு செய்து, பாவம், அந்தப் பூனையை இரண்டு முறை துடைப்பத்தால் துரத்தினேன்.

மே மாதக் கத்திரி வெயிலில் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. உன் இடத்தை இதற்குமேல் காலியாக வைக்க முடியாது, திங்கட்கிழமை வருகிறாயா, இல்லை வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார்கள். போக வர பஸ் நேரத்தையும் சேர்த்தால் பத்து மணி நேரம். பத்து மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் ஆறிவரும் புண் மறுபடி திறந்துகொள்ளும். அவரிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பாமல், போ என்றார். போ என்றால் யார் புரட்டுவது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுவரிடம் பேசியிருந்தாலும் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, எங்கள் தெரு முனையில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா வீட்டில் மாதா வணக்க மாத ஜெபமாலை. அன்பியத்துக்கு அவர்தான் பொறுப்பு. இரண்டரைக்கு என் வீட்டுக்காரரைச் சுவர்ப் பக்கம் பார்த்தாற்போல் படுக்கவைத்துவிட்டுப் போனேன். வழக்கம்போல அக்கா, சகோதரர் சகாயராஜ் எழுந்து நடக்க வேண்டும், ஓட வேண்டும் என்று வேண்ட ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, நடுவில் குறுக்கிட்டுவிட்டேன்.

"அக்கா, அவரு நடக்கவும் வேணாம், ஓடவும் வேணாம். பொரண்டு படுத்தா போதும். உங்களுக்குப் புண்ணியமா போவும், அத மட்டும் கேளுங்க."

ஜெபத்தின் நடுவில் இப்படிப் பேசலாமா என்று ஒன்றிரண்டு பேர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. ஸ்டெல்லா அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சகோதரர் புரண்டு படுக்க வரம் தாரும் ஆண்டவரே என்றார். இப்படி ஒரு மன்றாட்டை அவர் வாழ்நாளில் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. சுண்டல் கொடுப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

எங்கள் வாசலுக்கு வந்து கேட்டைத் திறந்தபோது ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. சுவரைப் பார்த்தபடி நான் விட்டுவிட்டுப் போன ஆள், தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டதும் அந்த முகம் காணாமல் போனது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை, அவருக்கு அவ்வளவு அவசரம். ஒரு கையால் ஜன்னல் கம்பியை உந்தி, மறு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு உடம்பைத் திருப்பினார். தோள் வந்தது, இடுப்பு வந்தது, கால் வரவில்லை. கைலியோடு சேர்த்துக் காலைப் பிடித்து இழுத்து, கால்மேல் போட்டார். தலையணையைத் தேடி எடுத்து முட்டிக்கு நடுவில் செருகினார், தலைகீழாக. வியர்வை கொட்டியது. நான் விட்டுவிட்டுப் போனபடியே சுவரைப் பார்த்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அது போதாதென்று குறட்டை வேறு விட்டார்.

"கொறட்ட வேற இன்னாத்துக்குய்யா?" என்றேன்.

குறட்டை நின்றது. கண் திறக்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஈஸ்டரிலிருந்து என்றார். ஐந்து வாரம். ஐந்து வாரமாக நான் இரவெல்லாம் அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன், இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டிருக்கிறேன், ஒரு பூனையை அடித்திருக்கிறேன். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ பைய எடுத்து வச்சத பாத்தேன் செலினு. பொரளக் கத்துக்கினா நீ போமாட்டன்னு நெனச்சேன். கத்துக்கினப்புறம், தெரிஞ்சா வேலைக்குப் பூடுவன்னு பயமாயிடுச்சி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா திட்டிக்கினாவது என்னத் தொடுற. அதுவும் இல்லன்னா நான் இந்த வூட்ல ஒரு சாமான் மாதிரி கெடப்பேன்."

இந்த ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள். நான் போகக்கூடாது என்று புரளப் பழகியிருக்கிறார், நான் போகக்கூடாது என்றே அதை மறைத்தும் இருக்கிறார். நான் பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். முதலில் கோபத்தில் அழுதேன். அப்புறம் அந்தக் குறட்டையை நினைத்துச் சிரித்தேன். அப்புறம் மறுபடி அழுதேன், அது கோபத்தில் இல்லை. இந்த நான்கு மாதத்தில் சிமெண்ட் மூட்டையைப் புரட்டுகிறாற்போலத்தான் அவரைப் புரட்டியிருக்கிறேன். முதுகைப் பார்த்தேன், புண்ணைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்திருந்தால் அவர் பயம் எனக்குத் தெரிந்திருக்கும்.

பெரிய வெள்ளியன்று நான் மிரட்டலாகக் கேட்டதை மாதா ஜெபமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டே நாளில் கொடுத்தும் இருக்கிறாள். கொடுத்தது என் வீட்டுக் கட்டிலிலேயே இருந்தது. அது தெரியாமல் நான் ஐந்து வாரமாக வானத்தைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்கா மட்டும், தான் மூன்றரைக்கு வேண்டியதும் மூன்றே முக்காலுக்கு அவர் புரண்டுவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஈஸ்டரிலிருந்தே புரள்கிறார் என்று மூன்று முறை விளக்கிவிட்டேன். அக்கா ஒப்புக்கொள்வதாக இல்லை. அவர் அன்று சத்தமாக வேண்டியதற்கும், என்னைத் திட்டாமல் விட்டதற்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஃபோன் லாக்கரில் இருக்கும். டீ நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். ஒருநாள் மதியம் வரை ஒன்றுகூட இல்லை, பர்மிஷன் போட்டுப் பதறி ஓடிவந்தேன். சார்ஜ் போட மறந்துவிட்டாராம். அன்றைக்கு அவர் என்னிடம் வாங்கிய திட்டு தெரு முழுக்கக் கேட்டிருக்கும். புண் ஆறிவிட்டது. பிசியோதெரபி பெண் இப்போது உட்காரப் பழக்குகிறாள். அவர் நடக்கவில்லை. நடப்பாரா என்று யாருக்கும் தெரியாது. நானும் அதை இப்போது கேட்பதில்லை.

என்னைப் போல ஆத்திரத்தோடு இருக்கிறவர்கள் இந்தப் பங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அழகான வார்த்தை வரவில்லை என்பதற்காக ஜெபிக்காமல் இருக்காதீர்கள். வருகிற வார்த்தையில் கேளுங்கள், சின்னதாகவே கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் இருக்கிறவர் முகத்தையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நான் பார்க்காமல் ஐந்து வாரத்தை வீணாக்கினேன்.

இப்போது சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிறேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை காலைக் கழுவிவிட்டு டீ போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருவேன். குடித்து முடித்ததும், ஒரு தபா நீயே திருப்பி வுடு என்பார். அவரால் முடியும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடுப்புக்கு அடியில் துண்டைக் கொடுத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே, நானே திருப்பிவிடுகிறேன்.