நாலு மூலையிலும் மஞ்சள்

என் மகளுக்குச் சிங்கப்பூரில் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள என் மனைவி போயே ஆகவேண்டும். விசா வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கும்பகோணத்தில் உரக்கடை நடத்தி, எத்தனையோ ஆபீசுகளில் மல்லுக்கட்டியவன், எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்ற திமிர்தான். டிராவல்ஸ்காரர் சொன்ன எதையும் விடவில்லை. மகள் எழுதிய அழைப்பு, வெள்ளைப் பின்னணியில் போட்டோ, திரும்பி வர டிக்கெட், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா என்பது வரை எல்லாம் பார்த்தாயிற்று.

விசா வந்தது. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் வைக்காமல் புழங்கமாட்டோம். வயலுக்கு வாங்கிய மோட்டாருக்கும் உண்டு, கல்யாணப் பத்திரிகைக்கும் உண்டு. வெள்ளிக்கிழமை காலை நானே மஞ்சளைக் குழைத்து, பாஸ்போர்ட்டில் மனைவி போட்டோ இருக்கிற பக்கத்தின் நாலு மூலையிலும் தடவினேன்.

"அட்டை மேல ஒரு பொட்டு வச்சா போதுங்க. உள்ள ஈரம் படுது பாருங்க" என்றாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும். சும்மா இரு."

ஈரத்தோடு மூடி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மறுநாள் பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. இழுத்துப் பிரித்ததில், அடியில் மெஷின் படிக்கிற எழுத்தும் எண்ணுமாக இருக்குமே, அந்த இடத்தில் மேல்தாள் உரிந்து வந்துவிட்டது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவளிடம் காட்டாமல் பையில் வைத்தேன்.

திருச்சி விமான நிலையத்தில், பார்வையாளர் டிக்கெட் எடுத்துக்கொண்டு நானும் கவுண்டர் வரை போனேன். அங்கிருந்த பெண் பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்துப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இது ரீட் ஆகல மேடம். அங்க இறங்கினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. புது பாஸ்போர்ட் எடுத்துட்டுத்தான் போகணும். யாரு இதுல மஞ்சள் தடவினது?"

வாயைத் திறந்தால் ஒரு சொல் போதும். திரும்பி மனைவியைப் பார்த்தேன்.

"நான்தாம்மா. தெரியாம பண்ணிட்டேன்" என்றாள்.

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாவி, நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, "சொன்னா கேட்டாத்தானே" என்றேன்.

காரில் திரும்பும்போது அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. கல்லணை தாண்டியதும் மகளுக்குப் போன் போட்டு, திடீரென்று காய்ச்சல், டாக்டர் போகக் கூடாது என்கிறார், அப்பாவும் அனுப்பமாட்டேன் என்றுவிட்டார் என்று சொன்னாள். மகள் அழுதது எனக்கும் கேட்டது.

புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்தோம். அது கைக்கு வருவதற்குள் பேரன் பிறந்துவிட்டான். தைலம் தேய்த்துக் குளிப்பாட்டவும் பத்தியம் சமைக்கவும் ஆளில்லாமல், மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டுத் திண்டாடினார்.

பேரன் பிறந்த அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். முகம் வெளிறிக்கிடந்தது. மனைவி போனை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"நல்லவேளைப்பா, அம்மாவ காய்ச்சலோட அனுப்பாம நிறுத்தினீங்க. என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. அம்மாவ நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் நான் தைரியமா இருக்கேன்."

"ஆமாம்மா" என்றேன்.