வரிப்புல்லில் கிடந்த பாம்புச் சட்டை

அந்தப் புல்லுக்குள் பாம்பு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மதினியை அதில் கைவைக்க விட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம், சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடு எங்களுடையது. நடைபாதையின் இருபுறமும் வெள்ளை வரி ஓடிய அழகுப் புல் வளர்க்கிறேன். இடுப்பளவு உயரம். வருகிறவர்கள் அதனருகே நின்றுதான் முதல் படம் எடுப்பார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்?

அந்தப் புல்லில் ஒரு தொல்லை. இடையிடையே வரியில்லாத முழுப்பச்சைக் குருத்து கிளம்பும். விட்டால் அதுவே செழித்து வரிப்புல்லை அமுக்கிவிடும். அறுத்தால் மறுபடி துளிர்க்கும். தூருக்குள் கைவிட்டு வேரோடு பிடுங்க வேண்டும். எனக்கு முழங்கால் மடங்காது. என் அண்ணன் மனைவி பேச்சி மதினிதான் வந்து பிடுங்கித் தருவாள்.

சென்ற ஆண்டு சாரல் தொடங்கிய வாரம். காலையில் தோட்டத்தைச் சுற்றி வரும்போது தூரில் பாம்புச் சட்டையைப் பார்த்தேன். பளபளப்புக்கூட மங்காத புதுச் சட்டை! ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் புல்லைத் தோண்டச் சொல்வார்கள், விஷயம் தெரு முழுக்கப் பரவும், வாடகைக்கு முன்பே சொல்லிவைத்தவர்கள் தங்க வரமாட்டார்கள்... இதுதான் மனத்தில் ஓடியது. சட்டையை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன்.

பாம்பு எங்கேயோ போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா? நம்பியிருந்தால், மறுநாள் மதினி புல்லருகே குனிந்தபோது நான் ஏன் வாசற்படியில் ஏறி நின்றேன்?

விரியன். வலக்கைச் சுட்டுவிரலில் கடித்துவிட்டது. தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் பிழைத்தாள், விரலை எடுத்துவிட்டார்கள்.

"முன்னாடி ஒரு அடையாளமும் நீ பாக்கலியா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டான். கட்டிலில் கிடந்த மதினிதான் பதில் சொன்னாள்.

"பாத்திருந்தா என்னைய கை வைக்க விட்டிருப்பாளா? அவ மேல ஏன் பாயுதிய?"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை! அண்ணனின் கோபத்துக்குப் பயந்தேன். மதினி இனி என்னை எப்படிப் பார்ப்பாளோ என்று அதைவிடப் பயந்தேன்.

வீடு திரும்பியதும் புல்லை அடியோடு தோண்டி எறியப் போனேன். மதினி விடவில்லை. இவ்வளவு ஆசையாக வளர்த்ததை எனக்காக ஏன் அழிக்கிறாய் என்று கடிந்துகொண்டாள்.

இந்தச் சாரலுக்கும் பச்சைக் குருத்து கிளம்பிவிட்டது. கம்பால் தூரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இடக்கையால் பிடுங்குகிறாள் மதினி. நான் பக்கத்தில் நிற்கிறேன். காவலுக்கு நிற்பதாக அவள் நினைக்கிறாள்.

தூரை நான் பார்ப்பதே இல்லை... குனிந்திருக்கும் அவள் முகம் எப்போது நிமிருமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.